தையல்காரி சிரித்த மத்தியானம்

ஜோக் சொல்வதில் முக்கால்வாசி வேலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது, ஐயா. மீதி கால்வாசி முகம். சொல்கிறவளே முதலில் சிரித்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும், எனக்கு இது வந்தது.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர், இதையும் அடிக்கவா என்பதுபோல நிமிர்ந்து பார்க்கிறார். அடிக்கட்டும். இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது, அந்த மத்தியானம் வேனை ஏன் கூப்பிடவில்லை என்று. ஒரே வரியில் பதில் சொன்னால் நான் ஏதோ ராட்சசி மாதிரி தெரிவேன். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கே விளங்கும்.

எங்கள் சிறையில் பெண்கள் பகுதியின் கடைசி வரிசை கர்ப்பிணிகளுக்கு. நல்ல காற்றோட்டம். எதிரே துணி துவைக்கும் கல், அதற்கப்பால் மதில். பகல் நேரக் காவல் என்னுடையது. உள்ளே பிரசவம் பார்க்க வசதி கிடையாது. ஒரு டாக்டர் அவ்வப்போது வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். வலி எடுத்தால் வேனை வரவழைத்து, காவலுக்கு ஆள் சேர்த்து, ஊருக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த வேன் ஆண்கள் பகுதிக்கும் பொது. கோர்ட்டுக்குப் போகிற வண்டியும் அதுதான். ஒரு வயிற்றுக்காக அதை மறித்தால் எத்தனை பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவக் கட்டிலின் கம்பியோடு சேர்த்து ஒரு காலில் சங்கிலி போட வேண்டும். நான் மற்றவர்கள் மாதிரி மாட்டிவிட்டு வருகிறவள் அல்ல. கணுக்கால் உரசக் கூடாது என்று என் வீட்டுப் பழைய பனியன் துணியைக் கிழித்துக் கொண்டுபோய்ச் சுற்றித்தான் மாட்டுவேன். ஒரு டாக்டரம்மா ஒருமுறை என்னிடம் சத்தம் போட்டார். இந்த வலியில் அவள் எங்கே ஓடப்போகிறாள், முதலில் அதைக் கழற்று என்றார். "வயித்துல இருக்கறதே வெளிய ஓடத்தான் பாக்குது டாக்டர், அம்மாவுக்கு மட்டும் அந்தப் புத்தி இருக்காதா" என்றேன். நர்ஸ்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான். சங்கிலி இருந்தபடியே இருந்தது, குழந்தையும் பிறந்தது. காலை மடக்க முடியாததால் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிழிந்துவிட்டது என்றார்கள். தையல் போட்டால் சரியாகிற விஷயம்.

எங்களுக்கு உண்மையான தலைவலி பொய்வலிதான். மாதம் நெருங்க நெருங்க எல்லாருக்கும் அது வரும். வரிசையில் ஒருத்தி முனகினால் பக்கத்து அறைக்காரியும் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். ஒரு தடவை வேன் போய், ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் காத்திருந்து, வயிறு வயிறாகவே திரும்பி வந்தது. அன்றைக்குப் பார்த்து ஆண்கள் பகுதியில் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. நீதிபதி காய்ச்சி எடுத்துவிட்டாராம். சூப்பிரண்டு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"நீ ரெண்டு பெத்தவதானே. நிஜ வலியா இல்லையான்னு நல்லாப் பாத்துட்டு அப்புறம் வண்டியக் கூப்பிடு" என்றார். எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

வழி எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. பஸ்ஸில் கைவரிசை காட்டிவிட்டு உள்ளே வந்த ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் தரையில் புரண்டு ஊரைக் கூட்டினாள். நான் கதவோரம் நின்று, மாமனாரின் பல்செட்டைத் தன் வாயில் மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் கதையைச் சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அவள் புரள்வதை நிறுத்திவிட்டு விலா நோகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். வலி போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. நிஜ வலிக்காரிக்குச் சிரிப்பு வராது. சிரித்தால் வலி இல்லை.

சூப்பிரண்டிடம் சொன்னபோது மேஜையைத் தட்டிப் பாராட்டினார். செலவில்லாத பரிசோதனை என்றார். அதற்கப்புறம் அது எங்கள் நடைமுறையாகவே ஆகிவிட்டது. எந்த ஷிப்டிலிருந்து வேன் கேட்டாலும், வாசல் காவலில் இருக்கிறவர் போனில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சிரிப்பு பாத்தாச்சா?" பார்த்தாயிற்று, சிரிக்கவில்லை என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

எனக்கு அடுத்த ஷிப்டில் ஒருத்தி இருக்கிறாள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் எல்லாருக்கும் அவள் கண்ணாடி. நேற்று உங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே பேசியிருப்பாளே, அவள்தான். நல்லவள், ஆனால் ஜோக் சொல்ல வராது. முடிவை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ஆரம்பத்தைத் தேடுவாள். அவள் சொன்னால் பொய்வலிக்காரிக்குக்கூடச் சிரிப்பு வராது. அதனால் அவள் ஷிப்டில் வலி என்று சொன்னவர்கள் எல்லாருமே வேனேறிப் போனார்கள், எல்லாருக்கும் சுகப்பிரசவம். அதிர்ஷ்டக்காரி. என் ஷிப்டில் நிறையப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி அன்று சாயங்காலமே குளியலறையில் பெற்றுவிட்டாள். குழந்தை கொஞ்சம் நீலமாக இருந்தது, முதுகில் தட்டியதும் நிறம் வந்துவிட்டது. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றிரண்டு இப்படி இருக்கும்.

என் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால்தான் பெண்கள் சிரித்தார்கள் என்று கண்ணாடி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும், என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். இது எவ்வளவு தப்பு என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். எங்கள் வீட்டு பீரோ சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. அங்கே ஒருவரும் சிரிப்பதில்லை.

வீட்டுக்காரர் பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டு, வந்ததும் தூங்குகிறவர். நான் வாயைத் திறந்தாலே, சாப்பாட்டை எடுத்து வை என்பார். பையன் காதில் எதையோ மாட்டிக்கொள்வான். பெண் புகுந்த வீட்டிலிருந்து போன் செய்தால், "அம்மா, கதைய அப்புறம் சொல்லு" என்பாள். நாத்தனார் எங்கள் வீட்டோடு இருக்கிறாள். அவள் தலையிலடித்துக்கொண்டு "ஆரம்பிச்சிட்டாளா" என்பாள். அது எனக்கு வலிக்கும், ஐயா. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் வலிக்கும். காலையில் வேலைக்கு வந்து, அந்தக் கடைசி வரிசையில் நடந்துகொண்டே ஒன்றை எடுத்து விட்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பிக்குப் பின்னால் சிரிப்பு ஓடும். அதற்காகவே நான் விடுப்பு எடுத்ததில்லை.

அந்த வரிசையில்தான் தையல்காரி வந்து சேர்ந்தாள்.

துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். மேற்பார்வையாளனைக் கத்தரியால் குத்தினாள் என்று வழக்கு, இன்னும் தீர்ப்பாகவில்லை. நிஜமாகவே குத்தினாயா என்று ஒரு நாள் கேட்டேன். "அவர் கைய எடுக்கல மேடம். நான் கத்தரிய எடுத்தேன்" என்றாள். துளிகூட முகம் மாறவில்லை. உம்மணாமூஞ்சி என்று சொல்ல முடியாது, மரியாதை தெரிந்தவள். எங்கள் தையல் கூடத்தில் சீருடை தைத்துக்கொண்டு, மிஞ்சுகிற துண்டுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் குட்டிச் சட்டைகள் தைத்து வைத்திருந்தாள். அவளுக்கு அது முதல் குழந்தை. வெளியே யாரும் இல்லாதவள். பேச்செல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

ஆனால் சிரிக்க மாட்டாள். என் ஜோக்கைக் காது கொடுத்துக் கேட்பாள், முடிந்ததும் நியாயமாக ஒரு கேள்வி கேட்பாள். ஒருத்தன் அலாரம் கடிகாரம் வாங்குகிறான், மறுநாள் கடையில் போய்ச் சண்டை போடுகிறான், அலாரம் அடித்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்கவே இல்லை என்கிறான். இதில் கேட்க என்ன இருக்கிறது? இவள் கேட்டாள்: "அவரை எழுப்ப வீட்ல வேற யாருமே இல்லையா மேடம்?"

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. என் ஜோக்குக்கு அல்ல, அவள் கேள்விக்கு. ஒருத்தி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். பக்கத்து அறைக்காரி அந்தக் கேள்வியைத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான் தினமும் கேட்டது மாதிரி இல்லை, வேறு மாதிரி இருந்தது. அதைப் பற்றி நான் ரொம்ப யோசிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவளுக்காகவே நான் ஜோக் தேட ஆரம்பித்தேன். பஸ்ஸில் யாராவது பேசிச் சிரித்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். கிடைத்ததைக் கொண்டுபோய் அவள் கதவருகே நின்று சொல்வேன். "ம்" என்பாள், அப்புறம் ஒரு கேள்வி கேட்பாள். என் முப்பத்திரண்டு பல்லில் ஒவ்வொன்றாக யாரோ பிடுங்குவது மாதிரி இருக்கும்.

டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் குழந்தை தலை மேலாக இருந்தது. வலி ஆரம்பித்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும், தாமதித்தால் குழந்தை தங்காது என்று என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். அவளும் பக்கத்தில் இருந்தாள். டாக்டர் போனதும், "நீங்க மறக்க மாட்டீங்கல்ல மேடம்" என்று கேட்டாள். நான் எதையும் மறக்கிறவள் அல்ல என்று சொன்னேன். அது உண்மை.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெண்கள் தட்டுகளைக் கழுவிவிட்டு அறைகளுக்குத் திரும்பியிருந்தார்கள். எல்லா அறையையும் பூட்டிவிட்டு நான் வந்துகொண்டிருந்தேன். தையல்காரி கூப்பிட்டாள். மற்றவர்கள் மாதிரிக் கத்தவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தரை நனைந்திருந்தது.

"மேடம், தண்ணிக்குடம் உடைஞ்சிடுச்சு. வேனுக்குச் சொல்லிடுங்க."

ஸ்டூலை இழுத்து அவள் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். சிரிப்பு பார்க்காமல் கூப்பிட முடியாது, வாசலில் கேட்பார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நான்தான் எப்போதும் சிரிப்பதில்லையே மேடம் என்றாள். அதுதானே சிக்கல் என்றேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. வலி இல்லாத நாளிலும் சிரிக்காதவள், இன்றைக்குச் சிரிக்கவில்லை என்றால் அதிலிருந்து என்ன தெரியும்? அவளைப் பொறுத்தவரை பரிசோதனையே செல்லாது. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது நான் பார்த்திருந்தால்தானே, அது வருகிறதா இல்லையா என்று முடிவு சொல்ல முடியும்? இதை அவளுக்கும் விளக்கினேன். முறையாகத்தான் நடந்துகொண்டேன்.

அப்புறம் குடை ஜோக்கைச் சொன்னேன். ஒருத்தன் குடை ரிப்பேர் கடைக்கு வருகிறான். இந்தக் குடை விரிய மாட்டேங்குது என்கிறான். கடைக்காரர் வாங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார், குடை விரிகிறது. நல்லாத்தானே விரியுது என்கிறார். இங்க விரியும், மழையில விரியாது என்கிறான். இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வலி வந்தது. நான் நிறுத்திக் காத்திருந்தேன். அவசரப்படுத்துவது என் வழக்கம் இல்லை. அவள் நெற்றியைக் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வலி இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அப்படின்னா மழை வந்ததும் எடுத்துட்டு வாங்க, பாக்கறேன் என்கிறார் கடைக்காரர். ஒரு வாரம் கழித்துக் கொட்டுகிற மழை. இவன் தொப்பலாக நனைந்துகொண்டு ஓடி வருகிறான். கடை பூட்டியிருக்கிறது. கதவில் ஒரு பலகை தொங்குகிறது: மழை நாட்களில் விடுமுறை.

நல்ல ஜோக். உங்கள் தட்டச்சுக்காரர்கூட விரலை நிறுத்திவிட்டார் பாருங்கள்.

இந்தத் தடவை அவள் ஜோக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சிரிச்சா வேன் வருமா மேடம்?"

"முதல்ல சிரி, பாக்கலாம்" என்றேன். வரும் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யாததைச் செய்வதாகச் சொல்லி ஒருவரை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அவள் சிரித்தாள். முதலில் உதடு மட்டும் விரிந்தது. அது போதாது, சத்தம் வர வேண்டும் என்றேன். அடுத்த வலி எழும்பி வருகிற நேரம் அது. வாயை அகலத் திறந்து, எல்லாப் பல்லும் தெரிய, ஹஹ்ஹா என்று சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துவரை இறங்கியது. விடாமல் சிரித்தாள், நான் போதும் என்று சொல்கிறவரை. மற்ற பெண்கள் எல்லாரும் கம்பியோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஐயா. பொய் சொல்ல மாட்டேன். என் பெண் பிறந்தபோதுகூட அப்படி இருந்ததா என்று தெரியவில்லை.

"சிரிச்சிட்டியே" என்றேன். "அப்ப வலி இல்ல."

ஸ்டூலை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். வாசலில் யாரும் கேட்டால் என்னிடம் சரியான பதில் இருந்தது. சிரிப்பு பார்த்தாயிற்று, சிரித்துவிட்டாள். எனக்குப் பின்னால் பெண்கள் தட்டுகளைக் கம்பியில் தட்ட ஆரம்பித்தார்கள். வரிசை முழுதும் ஒன்றாகத் தட்டினார்கள். கைதட்டல் மாதிரியே இருந்தது. நான் அப்படியே எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நிதானமாக டீயைக் குடித்தேன்.

ஷிப்ட் மாற்ற வந்த கண்ணாடிதான் தையல்காரியின் அறைக் கதவைத் திறந்தவள். போனில் வாசல்காரர் வழக்கம்போல, சிரிப்பு பாத்தாச்சா என்று கேட்டாராம். அவள் சொன்ன பதிலை உங்கள் தட்டச்சுக்காரரால் அடிக்க முடியாது. அந்த வாய் அவளுக்கு உண்டு என்று எனக்கே அன்றுதான் தெரியும். வேன் உடனே வந்தது. நிஜமாகவே சும்மாதான் நின்றிருந்தது. ஆனால் குழந்தையின் கால்கள் வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தலை மாட்டிக்கொண்டுவிட்டது. வேனில் ஏற்றுவதற்குள் அறையிலேயே பிறந்துவிட்டது, பெண் குழந்தை. எந்தக் குறையும் இல்லாமல் முழுசாக இருந்ததாம், மூச்சு மட்டும் இல்லை. உதவிக்குக் கண்ணாடி திறந்துவிட்ட பக்கத்து அறைக்காரிதான் அந்தக் குட்டிச் சட்டைகளில் ஒன்றை மாட்டி அனுப்பினாளாம்.

தையல்காரி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சங்கிலி போட வேண்டாம் என்று கண்ணாடி சொல்லிவிட்டாளாம். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்த இந்த இரண்டு நாளில் ஒழுங்கு எப்படிப் போயிருக்கிறது பாருங்கள்.

அது சிரிப்பே இல்லை என்று வரிசையில் உள்ள எல்லாரும் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். நான் நேருக்கு நேர் பார்த்தவள். அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நேற்று சாப்பிடும்போதுகூட நினைவு வந்து, எனக்குள்ளேயே ஒரு முறை புன்னகைத்துக்கொண்டேன். நாத்தனார் என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டாள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். பரிசோதனை கிரிசோதனை எல்லாம் இருக்கட்டும், அது நிஜ வலி என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்று. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், உங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது. தெரியும், ஐயா. ஸ்டூலை இழுத்துப் போடுவதற்கு முன்பே, அவள் கம்பியைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் உட்கார்ந்தேன். வலி இல்லாதவளை யார் வேண்டுமானாலும் சிரிக்க வைத்துவிடலாம்.